ஏசர் வாசிப்புத் தாளும் அறிக்கையும்: டெல்டா கிராமத்துப் பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு மதிப்புரை

‘பிரதம்’ என்ற கல்வித் தொண்டு அமைப்பைச் சேர்ந்த ஏசர் மையம் தயாரிக்கும் வாசிப்புச் சோதனைத் தாளையும், அந்தத் தாளைக் கொண்டு நாடு முழுவதும் எடுக்கப்படும் கணக்கெடுப்பின் அறிக்கையையும் பற்றி இங்கே எழுதுகிறேன். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தாள் தமிழில் இருக்கிறது. மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையில் உள்ள எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்ற முறையில் நான் உறுப்பினராக இருக்கிறேன். கல்வியைப் பற்றிய ஆய்வுகள் பல்கலைக்கழகங்களிலும் கருத்தரங்குகளிலும் நின்றுவிடாமல், நிதி ஒதுக்கும் கைகளுக்கும் முடிவெடுக்கும் மேசைகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது என் நெடுநாள் கவலை. அந்த வேலையைச் செய்வதற்கென்றே உருவானவை என்று சொல்லத்தக்க பொருள்கள் நம் நாட்டில் மிகச் சில. அவற்றில் இது முதன்மையானது என்பதால்தான், பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் இதன் நிறைகுறைகளை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் தாளைப் பற்றி. எழுத்துகள், எளிய சொற்கள், முதல் வகுப்பு நிலையில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு சிறு கதை என நான்கு படிகள் அதில் உள்ளன. பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து முதலில் பத்தியை வாசிக்கச் சொல்ல வேண்டும். தடையில்லாமல் வாசித்தால் கதைக்குப் போகலாம். திணறினால் சொற்களுக்கும், அதுவும் வரவில்லை என்றால் எழுத்துகளுக்கும் இறங்கி வர வேண்டும். எந்தப் படியில் பிள்ளை நிற்கிறதோ அதைக் குறித்துக்கொண்டால் முடிந்தது. மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி தோல்வி கிடையாது. கணக்குக்கும் இதே போன்ற ஒரு தாள் உண்டு. எண்களை அடையாளம் காண்பதில் தொடங்கி, கடன் வாங்கிக் கழித்தல் வழியாக, மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல் வரை அது போகிறது. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். சோதிப்பவர் ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை. கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கும் பையனுக்கும் ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் செய்துவிடுவார்கள். ஒரே வீட்டில் அண்ணன் வாசித்ததைக் கேட்டுத் தங்கை ஒப்பித்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் வைத்திருக்கிறார்கள். களத்தில் நின்று யோசித்தவர்கள் செய்த வேலை இது என்பது அந்த ஒரு ஏற்பாட்டிலேயே தெரிகிறது.

எங்கள் ஊரில் ஊராட்சிக் கட்டடத்துத் திண்ணையில் மாலை நேரத்தில் இதைச் செய்து பார்த்தோம். ஐந்தாம் வகுப்பு முடிக்கப்போகும் ஒரு பையன் எழுத்துகளை மடமடவென்று சொன்னான். சொற்களையும் சரியாகவே வாசித்தான். பத்திக்கு வந்ததும் விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி, உதட்டுக்குள் கூட்டிப் பார்த்து, பிறகு உரக்கச் சொன்னான். ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அடைவதற்குள் முதல் சொல் அவன் நினைவிலிருந்து போய்விட்டது. இரண்டாம் வாக்கியத்தில் பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று ஊகித்து, தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னான். நடவு முடிந்து கால் சேற்றோடு வந்து நின்ற அவன் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மகன் திணறியதை அவர் முழுவதும் பார்த்தார். “அஞ்சாவது பாடமா சார் இது?” என்று கேட்டார். ஒன்றாம் வகுப்பு அளவு என்று சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றவர், “அப்ப இத யாருகிட்ட சொல்லணும்?” என்றார். அப்போதைய ஊராட்சி மன்றத் தலைவரும் பக்கத்தில் இருந்தார். எங்கள் இருவரிடமும் அதற்கு உடனடி விடை இல்லை.

இந்தத் தாளின் மதிப்பு அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது. எழுத்தறியாத தாயும், பொருளாதாரம் படித்த அதிகாரியும், ஊராட்சித் தலைவரும் ஒரே காட்சியைப் பார்த்து ஒரே முடிவுக்கு வர முடிகிறது. அரசு நடத்தும் தேசிய அடைவுத் தேர்வு பள்ளிக்குள், எழுத்துத் தேர்வாக, விடையைத் தெரிந்தெடுக்கும் வினாக்களோடு நடப்பது. 2021 நவம்பர் 12 அன்று அந்தப் பெயரிலும், 2024 டிசம்பர் 4 அன்று ‘பரக்’ என்ற பெயரிலும் அது நடந்தது. அதற்கென்று தனிப் பயன் உண்டு. ஆனால் வினாவையே வாசிக்க முடியாத பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதை அது காட்டாது. வாசிப்புத் தாளோ பிள்ளையின் வாயிலிருந்தே கேட்கிறது. அதுவும் வீட்டுக்கே போய்க் கேட்பதால், அன்று பள்ளிக்கு வராத பிள்ளையும் கணக்கில் சேர்கிறது.

கண்ணால் பார்ப்பதற்கு இத்தனை அழுத்தம் ஏன் தருகிறேன் என்பதற்கு எங்கள் பகுதியின் வரலாறே காரணம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். பள்ளிகளில் கூரை வேய்ந்த வகுப்பறைகள் ஆபத்தானவை என்பதை அதற்கு முன் யாரும் அறியாமல் இல்லை. இருந்தும் அந்த நாளுக்குப் பிறகுதான் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. விசாரணை ஆணையம் அமைந்தது. கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புச் சான்றும் கண்டிப்பாயின. ஐந்தாம் வகுப்பு வரை வந்தும் வாசிக்கத் தெரியாமல் போகும் பிள்ளைக்கு அப்படி ஒரு நாள் வருவதில்லை. அந்த இழப்பு ஒரே நாளில் நேர்வதும் இல்லை, செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வருவதும் இல்லை. ஆகவே அதைக் காணச் செய்வதற்கு ஒரு கருவி வேண்டியிருக்கிறது. இந்தத் தாள் அந்தக் கருவி.

அடுத்து அறிக்கை. 2005இல் தொடங்கி 2014 வரை ஆண்டுதோறும், பிறகு 2016, 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் முழு அளவிலும் இந்தக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. 2024இல் 605 மாவட்டங்களில் 17,997 கிராமங்களுக்குப் போய், சுமார் 6.5 லட்சம் பிள்ளைகளைச் சந்தித்திருக்கிறார்கள். ஒரு மாவட்டத்துக்கு 30 கிராமங்கள், ஒரு கிராமத்துக்கு 20 வீடுகள் என்பது கணக்கு. இருபது ஆண்டுகளாக ஏறக்குறைய அதே கேள்விகளைக் கேட்டு வருவதால் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க முடிகிறது. இந்தப் பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன். அறிக்கை ஜனவரியில் வெளிவருவது மற்றொரு நல்ல வழக்கம். மாநில நிதிநிலை அறிக்கை தயாராகும் நேரம் அது. எத்தனையோ நல்ல ஆய்வுகள், முடிவெடுக்க வேண்டிய காலம் கடந்து வந்து பயனற்றுப் போகின்றன.

பள்ளியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை வகுப்பறைகள் கட்டினோம் என்று எண்ணிக்கொண்டிருந்த நாட்டில், பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்ற கேள்வியைப் பொதுவில் கொண்டுவந்து வைத்ததில் இந்த அறிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையை மும்மொழி உள்ளிட்ட பல காரணங்களுக்காகத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அந்த மறுப்பில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் தொடக்க வகுப்புகளிலேயே எழுத்தும் எண்ணும் கைவர வேண்டும் என்ற ஒரு பொருளில் ஒன்றியமும் மாநிலமும் ஒரே திசையில் போகின்றன. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு ‘நிபுண் பாரத்’ என்று தொடங்கியதும், 2022 ஜூனில் தமிழ்நாடு ‘எண்ணும் எழுத்தும்’ என்று தொடங்கியதும் ஒரே கவலையிலிருந்து பிறந்தவை. அந்தக் கவலையை எண்களாக்கி ஆண்டுக்காண்டு முன்னால் வைத்தவர்களில் ஏசர் முதலிடத்தில் நிற்கிறது.

தமிழ்நாட்டைப் பற்றிய ஒரு எண்ணை இங்கே சொல்லியாக வேண்டும். மூன்றாம் வகுப்பில் படிப்பவர்களில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் 10.2 விழுக்காடு, கொரோனாவுக்குப் பின் 2022இல் 4.8 விழுக்காடு. இந்த எண் வெளியானபோது மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிட்டுப் பேசியவர்கள் பலர். அந்த ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை. எழுத்து முறையும் சொல்லின் நீளமும் விகுதிகள் சேரும் விதமும் மொழிக்கு மொழி மாறும்போது, ஒரு மொழியின் இரண்டாம் வகுப்புக் கதை இன்னொரு மொழியின் இரண்டாம் வகுப்புக் கதைக்கு நிகரான கடினம் உடையது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் தமிழ்நாட்டை நேற்றைய தமிழ்நாட்டோடு ஒப்பிடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. அப்படிப் பார்த்தால் அந்தச் சரிவு கவலைக்குரியதே.

குறைகளுக்கு வருகிறேன். இது கிராமங்களுக்கு மட்டுமான கணக்கெடுப்பு. தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நகரங்களின் சந்துகளில் வளரும் பிள்ளைகள் இதில் இல்லை. டெல்டாவில் ஊரும் நகரமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பவை. கிராமத்துப் பிள்ளை நகரத்துப் பள்ளி வாகனத்தில் ஏறுவது அன்றாடக் காட்சி. ஆகவே எங்கள் பகுதியின் முழு நிலையையும் இந்த அறிக்கை காட்டுகிறது என்று சொல்ல முடியாது. இரண்டாவதாக, கணக்கெடுப்பு வழக்கமாக செப்டம்பர் முதல் நவம்பர் வரை நடக்கிறது. எங்களுக்கு அது குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றாக நெருக்கும் காலம். ஐப்பசி பிறந்ததும் அடைமழையும் விடுமுறைகளும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரம், பிள்ளைகளின் படிப்பும் தடைபடும் நேரம். மாநிலம் முழுவதற்கும் ஒரே காலம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் எண்ணைப் படிப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். தாளிலும் ஒரு குறை உண்டு. வாசித்ததைப் பிள்ளை புரிந்துகொண்டதா என்று அடிப்படை வாசிப்புச் சோதனை கேட்பதில்லை. சரளமாக வாசித்துவிட்டு, கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகளை ஆசிரியராக இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மிகப் பெரிய குறை, முடிவெடுப்பவரின் மேசைக்குப் போனபோதுதான் தெரிந்தது. கல்வித் துறையின் ஓர் அலுவலகத்தில் இந்த அறிக்கையை எடுத்துக்காட்டிப் பேசியபோது, அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே கேட்டார்: “எங்கள் ஊராட்சி ஒன்றியத்துக்கு எண் இருக்கிறதா? எந்தப் பள்ளிக்கு முதலில் ஆள் அனுப்ப வேண்டும்? அதற்கு என்ன செலவாகும்?” மூன்றுக்கும் அறிக்கையில் விடை கிடையாது. மாவட்டத்துக்கு 600 வீடுகள் என்ற அளவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிறு பகுதியே வருவார்கள். அதனால் மாவட்ட அட்டவணையில் மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளைச் சேர்த்தே எண் தருகிறார்கள். ஒன்றிய அளவில் எண் தர இந்த முறையால் முடியாது. 2020 டிசம்பரில் தனி மாவட்டமான மயிலாடுதுறைக்கு, அதற்கு முந்தைய ஆண்டுகளின் எண்ணை நாகப்பட்டினத்திலிருந்து பிரித்தெடுக்கவும் வழியில்லை. அந்த அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டவைதாம் ஓர் அரசு அலுவலகத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். ஆராய்ச்சியாளர்களும் அதிகாரிகளும் ஒருவர் பேச்சு மற்றவர்க்கு எட்டாமல் இருப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: ஒருவர் எவ்வளவு என்று சொல்கிறார், மற்றவர் எங்கே, யார், என்ன செலவு என்று கேட்கிறார்.

எண்ணைக் காட்டினால் ஊர் விழித்துக்கொள்ளும் என்று நம்புபவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஓர் ஆய்வு இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் நடந்தது, 2010இல் வெளியானது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோருடன், பிரதம் அமைப்பின் ருக்மிணி பானர்ஜியும் அதை எழுதியவர்களில் ஒருவர். சில கிராமங்களில் கல்விக் குழுவின் உரிமைகளை எடுத்துச் சொன்னார்கள்; சிலவற்றில் கூடுதலாக, ஊர் மக்களே பிள்ளைகளைச் சோதித்து அறிக்கை தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்; வேறு சிலவற்றில் அதற்கும் மேலே, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்பு நடத்த உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். முதல் இரண்டிலும் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறவில்லை. மூன்றாவதில் முன்னேறியது. தங்கள் சொந்தக் கருவியைக் கொண்டு செய்த முயற்சி தனியாகப் பயன் தரவில்லை என்பதை மறைக்காமல் எழுதியவர்களின் நேர்மையைப் பாராட்டுகிறேன்.

எங்கள் திண்ணையில் நடந்ததை இந்த ஆய்வின் வெளிச்சத்தில் பார்த்தால், அந்தத் தாயார் கேட்ட கேள்வியின் கனம் புரியும். தாள் கண்ணைத் திறக்கிறது. அடுத்த நாள் மாலை அந்தப் பையனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இல்லை என்றால், திறந்த கண்ணுக்கு வேதனைதான் மிச்சம். தமிழ்நாட்டில் அந்த ஒருவரை ‘இல்லம் தேடிக் கல்வி’ தந்தது. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய அத்திட்டத்தில், ஊரிலேயே இருக்கும் தன்னார்வலர், பெரும்பாலும் பெண், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை வேளையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். அது பயன் தந்ததா என்பதும் ஆராயப்பட்டது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். 2021 டிசம்பரில், 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிடக் கணக்கில் சுமார் 0.7 திட்டவிலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதை அளக்கும் புள்ளியியல் அலகு இது) மொழியில் 0.34 திட்டவிலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அந்தப் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்களின் மதிப்பீடு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதிகம் இழந்தார்கள், அவர்களே அதிகம் மீண்டார்கள் என்பதும் அதில் உண்டு.

அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியதும், வெளியிலிருந்து ஆய்வாளர்கள் அதை அளந்து, பயன் இருந்தது என்று ஆதாரத்தோடு சொல்வது அரிதாக நடக்கும் நல்ல காரியம். ஆனால் ‘0.34 திட்டவிலக்கம்’ என்பதை எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் யாரிடம் சொல்ல முடியும்? ஏசர் தாளின் நான்கு படிகளில் அதைச் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். மேலே சொன்னது போன்ற ஆய்வுகளை நடத்துகிறவர்கள், தங்கள் முடிவை ஒரு முறையாவது அந்தப் படிகளில் எழுதிக் காட்ட வேண்டும் என்று விரும்புகிறேன். ஏசர் மையமும் தன் பங்குக்கு, அறிக்கையின் மாநிலப் பக்கங்களைத் தமிழில் தர வேண்டும். அத்துடன், இந்த நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு எந்த முயற்சி எங்கே பயன் தந்தது, என்ன செலவானது என்று ஒரு பக்கமாவது சேர்க்க வேண்டும். அதற்குச் சரக்கு இல்லாமல் இல்லை. ஹரியானாவில் அரசு ஆசிரியர்களே நாள்தோறும் ஒரு மணி நேரம், வகுப்பைப் பாராமல் நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்துக் கற்பித்தபோது வாசிப்பு உயர்ந்தது. எங்கள் எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிப்பதும் அதே எண்ணத்தில்தான். அந்த ஒரு மணி நேரம் வேறு எந்தப் பதிவேட்டு வேலையாலும் பறிபோகாமல் இருப்பது மிக முக்கியம் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

ஆதாரம் இருந்தும் போய்ச் சேராததற்கும் உதாரணம் உண்டு. தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளில், கூடுதலாக ஓர் அரைநேரப் பணியாளரைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. பிள்ளைகளின் மொழியும் கணக்கும் உயர்ந்தன. வளர்ச்சி குன்றலும் குறைந்தது. நம் மாநிலத்தில் நடந்த ஆய்வு, நம் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு. எங்கள் ஊர் அங்கன்வாடியில் இன்றும் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும்தான். சமையல், எடை பார்த்தல், பதிவேடு, வீடு வீடாகப் போதல் எல்லாம் முடிந்த பிறகே பாட்டும் கதையும்.

ஆகவே என் மதிப்பீடு இது. வாசிப்புத் தாளைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அறிக்கையை, மாநில அளவில் காலப்போக்கை அறிய விரும்புவோருக்கு மட்டும் பரிந்துரைக்கிறேன். ஒன்றியத்துக்கோ பள்ளிக்கோ திட்டமிட அது உதவாது. தாளின் தமிழ் மாதிரிகளை இறக்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையிலேயே, சம்பா நடவு நெருக்கடிக்கு முன், மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புப் பிள்ளைகளைத் தலைமையாசிரியரின் ஒப்புதலோடு, எவரையும் நாலு பேர் முன்னால் நிறுத்தாமல் சோதியுங்கள். பிள்ளைகளின் பெயர்களை வெளியிட வேண்டாம். ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் என்பது போதும். அந்தப் பட்டியலுடன், மாலை வகுப்பு எடுக்கத் தயாராக இருக்கும் ஒருவரின் ஒப்புதலையும், அதற்கு ஆகும் செலவையும் எழுதிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக்கி, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்த்து, ஆகஸ்ட் 15 கிராம சபையில் வாசியுங்கள். ஒரு நகலை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே தாளைக் கொண்டு மீண்டும் சோதித்து, இரண்டு பட்டியலையும் அதே அலுவலகத்தில் சேர்த்துக் கொடுங்கள்.